நெஞ்சுக்கறி வேக ஒரு முற்றம் வேண்டும்

மாட்டின் நெஞ்சுப் பகுதிக் கறிக்கு ஆங்கிலத்தில் பிரிஸ்கெட் என்று பெயர். முன்னங்கால்களுக்கு இடையே, மாட்டின் பாரத்தைத் தாங்கி நிற்கும் தசை அது. நாளெல்லாம் உழைக்கும் தசை என்பதால் நார் அதிகம். அவசரமாக வதக்கினால் ரப்பர் போல் இழுக்கும். மெல்லிய புகையில், குறைந்த சூட்டில், அரை நாள் பொறுமையாக வைத்தால் விரலால் பிய்க்கும் அளவுக்கு மென்மையாகிவிடும். இன்று இணையத்தில் இதைச் செய்து காட்டும் காணொளிகளுக்குக் குறைவே இல்லை. அமெரிக்கத் தாடிக்காரர் ஒருவர் தோட்டத்தில் இரும்பு அடுப்பு வைத்து, கருகருவென்று மேல்தோல் கட்டிய கறியை அறுத்துக் காட்டுகிறார். நம் தோழர்களும் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்: இதை நம் ஊரில், நம் வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். எப்படி என்பதையும் இந்தக் கட்டுரையிலேயே சொல்கிறேன். ஆனால் நான் வாழும் காரைக்குடியில், இதைப் புதிதாகச் செய்யப் போகிறவருக்கு முதலில் தேவைப்படுவது நல்ல விறகோ வெப்பமானியோ அல்ல. புகை வெளியே போனால் யாரும் வந்து கதவைத் தட்டாத ஒரு முற்றம். இந்த ஊரில் அது யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதுதான் இந்தச் சமையல் குறிப்பின் முதல் வரி.

யாருடைய கைப்பக்குவம்?

டெக்சாஸில் இந்தக் கறி பணக்காரர் உணவாகப் பிறக்கவில்லை. நல்ல துண்டுகள் விற்றுத் தீர்ந்த பிறகு மிஞ்சும் மலிவான, முரட்டுத் துண்டு அது. ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் குடியேறிய கறிக்கடைக்காரர்கள் வீணாகாமல் இருக்கப் புகை போட்டு விற்றார்கள். பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களும் மெக்சிகத் தொழிலாளர்களும் வாங்கித் தின்றார்கள். அதற்கும் முன்பே, அமெரிக்கத் தெற்கின் பெரிய விருந்துகளில் குழி வெட்டி, இரவெல்லாம் கண்விழித்து, நெருப்பைக் காத்துக் கறி சுட்டவர்கள் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள். இன்று அந்தக் கலையின் முகமாகப் பத்திரிகைகள் காட்டுவது பெரும்பாலும் வெள்ளைக்காரர்களை. இந்த மறைப்பைப் பற்றியே ஏட்ரியன் மில்லர் 2021இல் 'பிளாக் ஸ்மோக்' என்றொரு நூல் எழுதினார்.

இந்தக் கதை நமக்குப் புதிதா? செட்டிநாட்டு உணவகம் எதிலாவது போய்ப் பாருங்கள். உப்புக்கண்டம் என்று ஒரு வரி இருக்கும். ஆட்டுக்கறியைக் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, வெயிலில் காயவைத்து, எண்ணெயில் பொரித்தது. அதற்குப் பாரம்பரியம் என்று பெயர், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். அதே பக்குவத்தில் மாட்டுக்கறியைக் கயிற்றில் கோத்துக் கொடியில் உலர்த்தி, அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டு, மழைக்காலத்துக்கு வைத்துக்கொண்ட சேரி வீடுகள் தமிழ்நாடு முழுக்க இருந்தன. அதற்கு நாற்றம் என்று பெயர். உப்பு ஒன்று, வெயில் ஒன்று, வேலை ஒன்று. விலங்கு மாறியதும் சமையல்கலை அசிங்கமாகிவிடுகிறது.

மராத்வாடாவின் தலித் வீட்டுச் சமையலை ஷாஹூ பட்டோளே 2015இல் மராத்தியில் ஒரு நூலாக எழுதினார். 2024இல் ஆங்கிலத்தில் வந்தது. எண்ணெயும் நெய்யும் வாங்க வழியில்லாத வீடுகள் கறியின் எந்தப் பாகத்தையும் வீணாக்காமல், உலர்த்தி வைத்து எப்படி உண்டன என்பதற்கு அது ஆவணம். செட்டிநாட்டுச் சமையலைப் பற்றி எத்தனையோ அழகான படப்புத்தகங்கள் வந்துவிட்டன. இதே மண்ணில் இருக்கும் சேரிகளின் அடுப்பைப் பற்றி அப்படியொரு புத்தகம் நம் கையில் இல்லை. ஆகவே புகைக்கறியை வெளிநாட்டுப் புதுமை என்று நினைத்துக் கற்க வேண்டாம். உங்கள் வீட்டில் பாட்டியோ அப்பத்தாவோ இருந்தால், காணொளியைப் பார்ப்பதற்கு முன் அவரிடம் போய்க் கேளுங்கள்.

செய்யும் முறை

தமிழ்நாட்டில் கிடைக்கும் மாட்டுக்கறிக்கும் அமெரிக்கக் கறிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே கறிக்காகவே தானியம் போட்டு வளர்த்த இளம் மாடு. இங்கே 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் பயன்படாது, அல்லது நிரந்தரமாக முடமாகிவிட்டது என்று சான்று பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். பசுவையும் கிடாரியையும் அறுப்பதை 1976ஆம் ஆண்டின் அரசாணை தடுத்துவிட்டது. ஆகவே நம் தட்டுக்கு வருவது பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த மாடு, அல்லது எருமை. கொழுப்பு குறைவு, நார் கூடுதல். நம் கறி முற்றலாக இருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். முற்றல் கறிக்கு ஏற்ற வைத்தியம்தான் நீண்ட நேரச் சமையல்.

கறிக்கடையில் எல்லாக் கறியையும் சிறு துண்டாக வெட்டிப் போடுவதுதான் வழக்கம். முதல் நாளே சொல்லிவைத்து, நெஞ்சுப் பகுதியில் 2 கிலோ அளவுக்கு வெட்டாமல், எலும்பு நீக்கி, முழுசாக வேண்டும் என்று கேளுங்கள். கொழுப்பைச் சீவ வேண்டாம் என்றும் சொல்லுங்கள். தனியாகக் கொஞ்சம் கொழுப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். 2 கிலோவுக்கு 30 கிராம் உப்பு, இரண்டு கைப்பிடி கரகரப்பாக இடித்த மிளகு. காரம் வேண்டுமானால் வரமிளகாய்த் தூள் கொஞ்சம். எல்லாப் பக்கமும் தடவி, ஓர் இரவு குளிர்பெட்டியில் வையுங்கள். கல்பாசி, அன்னாசிப்பூ எல்லாம் இப்போது வேண்டாம். முதல் தடவை கறியின் ருசியும் புகையின் ருசியும் தெரியட்டும்.

அடுப்புக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மூடியுள்ள பெரிய இரும்பு டிரம், அடியில் காற்றுத் துளை, மேலே புகை போகத் துளை, நடுவில் கம்பி வலை. இவ்வளவு போதும். பெயின்ட் பூசிய டிரம்மோ, எண்ணெயும் ரசாயனமும் இருந்த டிரம்மோ கூடாது. கரியை ஒரு ஓரமாகக் குவியுங்கள். கறியை மறு ஓரத்தில் வையுங்கள். கறிக்குக் கீழே ஒரு சட்டியில் தண்ணீர். நெருப்பு நேராகக் கறியைத் தொடக் கூடாது. டிரம்முக்குள் சூடு 110 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் அடித்துளையைத் திறந்து மூடினால் போதும். கறிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த வேலையில் கண்ணளவு காலை வாரிவிடும்.

விறகு விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. டெக்சாஸ்காரர்கள் பெருமையாகச் சொல்லும் மெஸ்கீட் மரமும் நம் சீமைக்கருவேலமும் நெருங்கிய சொந்தம். சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குவது ஏழை மக்களின் தொழில். அந்தக் கரியே போதும். புகைக்காக நன்றாகக் காய்ந்த சீமைக்கருவேலத் துண்டு ஒன்றிரண்டு போடலாம். அதன் புகை காட்டமானது, அதிகம் போட்டால் கசக்கும். மாமரத் துண்டும் கொய்யாத் துண்டும் இன்னும் சாந்தமானவை. இந்த ஊரில் இடித்த பழைய வீட்டின் தேக்குத் துண்டு கிடைத்தாலும், வார்னிஷ் அடித்த மரத்தை நெருப்பில் போட வேண்டாம். புகை மெல்லியதாக, லேசான நீலத்தில் வந்தால் சரி. வெள்ளைவெளேரென்று திரண்டு வந்தால் நெருப்புக்குக் காற்று போதவில்லை என்று பொருள். மூடிய அறைக்குள் மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். கரி நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

மூன்று மணி நேரம் திறக்காமல் விடுங்கள். கறிக்குள் சூடு ஏறிக்கொண்டே வந்து, 65 முதல் 75 டிகிரிக்குள் எங்கோ நின்றுவிடும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் நகராது. புதிதாகச் செய்பவர்கள் பயந்து நெருப்பைக் கூட்டுவது இங்கேதான். கூட்டாதீர்கள். நமக்கு வியர்த்து உடம்பு குளிர்வது போல, கறியின் ஈரம் ஆவியாகி அதைக் குளிர்விக்கிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் இந்தக் கட்டத்தில் கறியைத் தடித்த காகிதத்தில் சுற்றுவார்கள். நமக்கு வாழையிலை இருக்கிறது. இலையை அனலில் வாட்டி, கறியின் மேல் கொழுப்புத் துண்டுகளை வைத்து, இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றி மறுபடி வையுங்கள். ரொம்ப முற்றல் கறி என்றால், இந்தக் கட்டத்தில் மூடியுள்ள சட்டியில் ஒரு டம்ளர் தண்ணீரும் வெங்காயமும் சேர்த்து அதே சூட்டில் விடலாம்.

கறிக்குள் 93, 95 டிகிரி வந்ததும், கம்பியால் குத்தினால் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். நாரைக் கட்டியிருந்த கொலாஜன் என்ற புரதம் உருகிக் கூழாகிவிட்டது என்று அர்த்தம். 2 கிலோவுக்கு மொத்தம் ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகலாம். இறக்கியதும் வெட்டாதீர்கள். ஒரு மணி நேரம் சுற்றியபடியே இருக்கட்டும். பிறகு நாருக்குக் குறுக்கே, பென்சில் கனத்தில் அறுங்கள். பழைய சோற்றுக்கும் நன்றாக இருக்கும், பரோட்டாவுக்கும் நன்றாக இருக்கும்.

வாசல் வரைதான் சமத்துவம்

எட்டு மணி நேரம் என்றேன். குக்கரில் வைத்தால் அரை மணி நேரம், ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். எட்டு மணி நேரப் புகையை எந்த ஜன்னலும் மறைக்காது. தெருவே மூக்கை நுழைக்கும். அதனால்தான் இதைச் சமையல் பொழுதுபோக்கு என்று மட்டும் என்னால் எழுத முடியவில்லை.

ஆய்வுப் படிப்புக்காக இந்த ஊரில் நான் வீடு தேடியபோது, தரகர் ஒருவர் என்னைத் தன் இருசக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏழெட்டு வீடு காட்டினார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி. "தம்பி, அசைவம் சாப்புடுவீங்களா?" சாப்பிடுவேன் என்றேன். "அது பரவால்ல, நாங்களும் சாப்புடுவோம். ஆடு, கோழி, மீனு எல்லாம் தாராளமாச் செய்யலாம். வேற ஒண்ணும் செய்ய மாட்டீங்கல்ல?" அந்த 'வேற ஒண்ணு' என்ன என்று நான் கேட்டால் பதில் வராது. அடுத்து, "சொந்த ஊரு எது தம்பி? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று வரும். வண்டியில் திரும்பும்போது தரகரே சமாதானம் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நேராக் கேட்டா நல்லா இருக்காதுல்ல, அதான் சாப்பாட்ட வச்சுக் கேக்குறாங்க."

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. சென்னையிலும் பெங்களூரிலும் 'சைவம் மட்டும்' என்ற பலகையைப் பார்த்துப் பழகியவர்கள், இது பார்ப்பனர் வீட்டு வாசலில் மட்டும் இருக்கும் பிரச்சினை என்று நினைக்கிறார்கள். காரைக்குடியில் கறிக்குழம்பு மணக்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இங்கே கோடு சைவத்துக்கும் அசைவத்துக்கும் நடுவே இல்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவே இருக்கிறது. ஆடு தின்னும் இடைநிலைச் சாதி வீட்டுக்காரர், மாடு தின்பவரை மறுக்கும்போது அவர் காப்பாற்றுவது உணவுப் பழக்கத்தை அல்ல, தனக்குக் கீழே ஒருவர் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பெயரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. சாதியைச் சொல்லி வீடு மறுத்தால் சட்டம் பாயும். கறியைச் சொல்லி மறுத்தால்? அது வீட்டுக்காரரின் 'விருப்பம்' ஆகிவிடுகிறது. சாதி கேட்க முடியாத இடத்தில் சமையலறையைக் கேட்பது அதனால்தான். 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, என்ன உண்ண வேண்டும் என்று அரசு சொல்வதை யாரும் விரும்ப மாட்டார்கள் என்ற பொருளில் நீதிபதி செலமேஸ்வர் எழுதினார். நல்லது. அரசு சொல்லக் கூடாது. வீட்டுக்காரர் சொல்லலாமா?

அடுப்பைக் கட்டுப்படுத்துவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1985இல் சிவகங்கை தனி மாவட்டமாவதற்கு முன் இந்தப் பகுதி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் தன் 'காஸ்ட் இன் இந்தியா' நூலில் பதிவு செய்திருக்கிறார். நகை போடாதே, சட்டை போடாதே, குடை பிடிக்காதே, செருப்பு அணியாதே என்பவற்றோடு, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு எதையும் புழங்காதே என்பதும் ஒரு தடை. அடுத்தவர் வீட்டு அடுப்பில் எந்தச் சட்டி இருக்க வேண்டும் என்று தீர்மானித்த அதே அதிகாரம்தான், இன்று அந்தச் சட்டியில் என்ன வேக வேண்டும் என்று வாசலில் நின்று கேட்கிறது.

இது தமிழ்நாடு என்று சொல்பவர்களுக்கு

வடக்கே 2015இல் தாத்ரியில், வீட்டில் மாட்டுக்கறி இருந்ததாகச் சொல்லி ஒருவரை அடித்தே கொன்றார்கள். இங்கே அப்படியெல்லாம் இல்லை, இது பெரியார் மண் என்று நாம் ஆறுதல் கொள்கிறோம். வேறுபாடு உண்மைதான். 2017 மே மாதம் சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தபோது, ஒரே வாரத்தில் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது நம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது.

ஆனால் அதே மே மாதம், சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஆய்வு மாணவர் ஒருவர் கண்ணில் காயம்படும் அளவுக்குத் தாக்கப்பட்டார். 2019 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில், மாட்டுக்கறி சூப் குடிக்கும் படத்தை முகநூலில் போட்ட இளைஞர் தாக்கப்பட்டார். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று மாவட்ட நிர்வாகமே அறிவித்தது, மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டம் அரூர் அருகே, மாட்டுக்கறி எடுத்துச் சென்றார் என்பதற்காக, அதை விற்றுப் பிழைக்கும் பெண்மணி ஒருவர் அரசுப் பேருந்திலிருந்து நடுவழியில் இறக்கிவிடப்பட்டார். ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். நடவடிக்கை வந்தது, சரி. அந்தப் பேருந்தில் இருந்த மற்றவர்கள் நம் பக்கத்து வீட்டுக்காரர்கள்தானே?

பெருநகர உணவகங்களில் பிரிஸ்கெட் என்ற பெயரில் இதே கறி மரப்பலகையில் வைத்துப் பரிமாறப்படுகிறது. பெயர் மாறினால் நாற்றம் மணமாகிவிடுகிறது. அங்கே சாப்பிட்டுவிட்டுப் படம் போடுபவரை முற்போக்காளர் என்கிறோம். பையில் கறியோடு பேருந்தில் ஏறும் பெண்மணி இறங்கி நடக்கிறார். புகைக்கறியைக் கற்றுக்கொள்ளும் நாம் இவர்களில் யார் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

இரண்டு எச்சரிக்கைகள்

மாட்டுக்கறி தின்றால்தான் சாதி எதிர்ப்பாளர் என்று நான் சொல்லவில்லை. 1948இல் வெளிவந்த 'தீண்டத்தகாதவர்கள் யார்?' நூலில் அம்பேத்கர், மாட்டுக்கறி உண்டதையே தீண்டாமையின் வேர்களில் ஒன்றாகக் காட்டினார். அதே அம்பேத்கர்தான் 1927இல் மகாடில், செத்த மாட்டைத் தின்பதை விட்டுவிடச் சொன்னார். இரண்டுக்கும் முரண் இல்லை. சாதி கட்டாயப்படுத்திக் கையில் திணித்த இழிவை மறுப்பதும் சுயமரியாதை, பிடித்ததைத் தலைநிமிர்ந்து உண்பதும் சுயமரியாதை. நம் வீடுகளில் பலர் இந்தக் கறியை விட்டுவிட்டார்கள். பள்ளியில் பட்ட கேலிக்குப் பிறகு, வேலை கிடைத்த பிறகு, நகரத்துக்கு வந்த பிறகு. அவர்களைப் பார்த்துக் கேலி பேசும் உரிமை நமக்கு இல்லை. அவர்கள் விட்டது விருப்பப்பட்டா, வாடகை வீட்டுக்குப் பயந்தா என்று கேட்கும் கடமை இருக்கிறது.

அடுத்தது, புகையைக் கொண்டாடும்போது அதை யார் சுவாசித்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். அடுப்புக்கு மேலே கறி தொங்கிய வீட்டில், அடுப்புக்கு முன்னால் குனிந்து ஊதியது ஒரு பெண். விறகுப் புகை அவருடைய கண்ணையும் நுரையீரலையும் தின்றது. எட்டு மணி நேரம் நெருப்பைக் காக்கும் இந்தச் சமையலை ஆண்கள் ஒருநாள் வீரமாகச் செய்து படம் போட்டுவிட்டு, டிரம்மைக் கழுவும் வேலையை அம்மாவிடம் விடுவதென்றால், நாம் ஒன்றும் கற்கவில்லை.

செய்யக்கூடியவை சில. வாடகை வீட்டில் உணவைக் காட்டி மறுப்பதைத் தீண்டாமையின் மறைமுக வடிவமாக அங்கீகரித்துத் தடுக்கும் வகையில், மாநில அரசு சட்டம் கொண்டுவர வேண்டும். அரசு நடத்தும் உணவுத் திருவிழாக்களில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றால், அந்தத் திருவிழாவுக்கு மக்கள் வரிப்பணம் கூடாது. செட்டிநாட்டு உணவு என்று எழுதும், படம்பிடிக்கும் ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் பெரிய வீட்டின் அடுப்படியோடு நிறுத்திவிடாமல் காலனி வரை வர வேண்டும். இவற்றுக்கெல்லாம் காலம் ஆகும்.

அதுவரை, சொந்த வீடும் முற்றமும் இருக்கும் தோழர்கள் ஒன்று செய்யலாம். குறிப்பாக, சாதி மறுப்பு பேசும் இடைநிலைச் சாதித் தோழர்கள். உங்கள் தெருவில், உங்கள் முற்றத்தில் டிரம்மை வையுங்கள். வாடகை வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கும் நண்பரைக் கூப்பிடுங்கள். கறியும் பக்குவமும் அவருடையதாக இருக்கட்டும். தெரு கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை உங்களுடையதாக இருக்கட்டும்.